காலையில் டிஸ்சார்ஜ், இரவில் பில்: தருமபுரி மாவட்டத் தனியார் மருத்துவமனை ஒன்றில் காப்பீட்டுக் கிளைம் பயிற்சி – நிகழ்வு ஆய்வு

பின்னணி

தருமபுரி மாவட்டத்தில், தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டிய ஊர் ஒன்றில் 60 படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனை. பொது மருத்துவம், பொது அறுவை, எலும்பு முறிவு, மகப்பேறு என்று நான்கு பிரிவுகள். எலும்பு மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் சேலத்திலிருந்து வந்துபோகிறவர்கள். 2024 ஜூனில் தொடங்கி 2025 மார்ச் வரை இங்கே நாங்கள் நடத்திய கிளைம் பயிற்சியின் பதிவு இது. மருத்துவமனையையோ நோயாளிகளையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

காப்பீட்டோடு வருகிறவர்கள் மூன்று வகை. முதல் வகை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறவர்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு. ஆண்டு வருமான வரம்பு 1.20 லட்சம். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு ஆட்சியர் அலுவலகப் பதிவு மையத்தில் பதிந்திருக்க வேண்டும். இரண்டாம் வகை கம்பெனி இன்சூரன்ஸ். ஓசூர் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களும், அவர்களைவிட அதிகமாக, பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் குழுப் பாலிசியில் சேர்க்கப்பட்ட பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பெற்றோரும் இதில் அடக்கம். மூன்றாவது, சொந்தமாகப் பிரீமியம் கட்டிப் பாலிசி எடுத்தவர்கள்.

இன்சூரன்ஸ் டெஸ்கில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் பி.காம். படித்தவர், மற்றவர் வரவேற்பிலிருந்து மாற்றப்பட்டவர். வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை. இரவு அட்மிஷனுக்கு ஆள் கிடையாது.

நிர்வாகம் பயிற்சி கேட்டதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, டிஸ்சார்ஜ் நாளில் தினமும் நடந்த சண்டை. "காலையிலயே வீட்டுக்குப் போலாம்னு டாக்டரு சொல்லிட்டாரு, இருட்டிப்போச்சு, இன்னும் பில்லு வரல, இனி எந்த பஸ்ஸுல போறது?" என்று உறவினர்கள் கேட்கும் கேள்விக்குக் கவுண்டரில் இருந்த பதில், "இன்சூரன்ஸ்ல இருந்து அப்ரூவல் வரல" என்பது மட்டுமே. இரண்டாவது, வங்கிக்கு வந்த தொகை எந்த மாதமும் அனுப்பிய பில்லோடு பொருந்தவில்லை. டெஸ்கில் இருக்கும் இருவருக்கும் போர்ட்டல் வேலை தெரியவில்லை, அவர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்தால் போதும் என்பது நிர்வாகத்தின் கணிப்பு.

கோப்புகளில் கண்டவை

வகுப்புக்கு முன், முடிந்துபோன ஆறு மாதக் கோப்புகள் எடுக்கப்பட்டன. எந்தக் காப்பீட்டு நிறுவனம், எந்த டி.பி.ஏ. (நிறுவனத்துக்காகக் கிளைம்களைக் கையாளும் இடை அமைப்பு) என்று பிரிப்பதுதான் வழக்கம். இங்கே வேறு விதமாகப் பிரித்தோம்: காப்பீட்டு நிறுவனம் திருப்பிக் கேட்ட ஒவ்வொரு குவெரிக்கும், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் காரணமான தாள் யார் கையில் எழுதப்பட்டது? பெரும்பாலானவை கேஷுவாலிட்டி, வார்டு, பார்மசி, டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சு ஆகிய நான்கு இடங்களில் போய் நின்றன. டெஸ்க் தன் கைக்கு வந்ததை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தது, அவ்வளவுதான்.

எலும்பு முறிவுக் கோப்பு ஒன்று எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் மாந்தோப்புக்குப் போகும் வழியில் மொபெட் சறுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து வந்தவர். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், "இருசக்கர வாகனம் சறுக்கி விழுந்தது" என்று இருந்தது. வார்டு டியூட்டி டாக்டர் "வழுக்கி விழுந்தார்" என்று மட்டும் எழுதியிருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில், முந்தைய நோயாளிக்கு நிரப்பிய கணினி வார்ப்பிலிருந்து (டெம்ப்ளேட்) வந்த "சாலை விபத்து, எதிரே வந்த வாகனம் மோதியது" என்ற வரி அப்படியே நின்றது. ஒரே காலுக்கு மூன்று கதை. மோதல் என்றால் எஃப்.ஐ.ஆர். எங்கே என்று காப்பீட்டு நிறுவனம் கேட்டது. அப்படி ஒன்று இல்லை. விசாரணைக்கு ஆள் வந்தார், மூன்று தாளையும் நகலெடுத்துப் போனார், கிளைம் மறுக்கப்பட்டது. குடும்பம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியது.

காய்ச்சல் அட்மிஷன்களில் நடந்தது வேறு. "வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாம்" என்ற காரணத்தில் மறுக்கப்பட்டவை அதிகம். நோயாளிகள் உண்மையிலேயே முடியாமல்தான் இருந்தார்கள்; வாந்தி நிற்கவில்லை, பிளேட்லெட் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வெப்பநிலை, நாடி, மூச்சு எழுதும் சார்ட்டில் நான்கு வேளையும், காய்ச்சலே இல்லாத அளவான 98.6 என்று ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஷிஃப்ட் முடியும்போது நிரப்பப்பட்டிருந்தது. சம்மரியில் "கடும் காய்ச்சல்" என்றும் சார்ட்டில் 98.6 என்றும் இருந்தால், படிக்கிறவர் சார்ட்டைத்தான் நம்புவார்.

பார்மசியில் மூன்று குறை. திருப்பிக் கொடுத்த மருந்து இறுதி பில்லில் கழிக்கப்படாமல் இருந்தது. பில்லில் இருந்த ஊசி மருந்து சார்ட்டில் ஏறவில்லை. எலும்பில் பொருத்தும் இம்பிளான்ட்டின் ஸ்டிக்கர் ஓ.டி. (அறுவை அரங்கு) பதிவேட்டில் ஒட்டப்பட்டது, கேஸ் ஷீட்டில் ஒட்டப்படவில்லை; அதனால் இன்வாய்ஸில் உள்ள பேட்ச் எண்ணோடு ஒப்பிட எதுவும் இல்லாமல் போனது.

அறை வாடகைக் கணக்கை அட்மிஷன் கவுண்டரில் யாரும் சொல்லவில்லை. பாலிசியில் நாளுக்கு 3,000 ரூபாய் அறைக்குத்தான் தகுதி. குடும்பம் 4,500 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்கியது என்று வைத்துக்கொள்வோம். வாடகை வித்தியாசம் 6,000 ரூபாய், அதைக் கட்டினால் போயிற்று என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விகிதப் பிடித்தம் உள்ள பாலிசியில் மருத்துவர் கட்டணம், ஓ.டி., நர்சிங் போன்றவையும் அதே மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். அவை 60,000 ரூபாய் என்றால் 40,000தான் கிடைக்கும். குடும்பத்தின் கையிலிருந்து போவது 26,000. மருந்து, உபயோகப் பொருள், இம்பிளான்ட், பரிசோதனை ஆகியவற்றுக்கு இந்த விகிதக் குறைப்பு பொருந்தாது, ஐ.சி.யூ. கட்டணத்துக்கும் பொருந்தாது. பழைய கோப்புகள் சிலவற்றில் மருந்துக்கும் சேர்த்துக் குறைக்கப்பட்டிருந்தது. யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை.

கணக்குப் பிரிவில், குறைவாக வந்த தொகை எல்லாம் "இன்சூரன்ஸ் கழிவு" என்ற ஒரே தலைப்பில் தள்ளப்பட்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் அதில் நான்கு சரக்கு: ஒப்பந்தத் தள்ளுபடி, பட்டியலில் இல்லாத பொருட்களுக்கான பிடித்தம், மருத்துவக் காரணத்துக்கான பிடித்தம், அப்போதிருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின் கீழ் டி.பி.ஏ. முன்கூட்டியே பிடித்த 10 சதவீத வரி, அதாவது டி.டி.எஸ். கடைசியாகச் சொன்னது நட்டமே இல்லை. 26ஏஎஸ் என்ற வரிக் கணக்குப் படிவத்தில் வரவாக நின்ற பணம். செட்டில்மென்ட் கடிதங்கள் மின்னஞ்சலில் திறக்கப்படாமலே கிடந்தன.

டிஸ்சார்ஜ் நாளின் நேரம்

சண்டைக்குக் காரணமான தாமதம் எங்கே நடக்கிறது என்று பார்க்க, சாதாரண நாள் ஒன்றின் கோப்பைக் கையோடு தொடர்ந்து போனோம். காலை 10 மணி ரவுண்ட்ஸில் "போகலாம்" என்று சொல்லப்பட்டது. பார்மசி ரிட்டர்ன் முடிய 1 மணி. சம்மரி தட்டச்சாகி வர 3 மணி. மருத்துவர் ஓ.டி.யிலிருந்து வெளியே வந்து கையெழுத்திட 5 மணி. இறுதி பில்லோடு கோரிக்கை போனது 5.30-க்கு.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே 29 அன்று வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை, கேஷ்லெஸ் (நோயாளிக்குப் பதில் நிறுவனமே மருத்துவமனைக்குக் கட்டும்) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது. மூன்று மணி நேரம் தாண்டினால், அதனால் மருத்துவமனை கூடுதலாக வசூலிக்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். கடிகாரம் ஓடத் தொடங்குவது கோரிக்கை போய்ச் சேர்ந்த பிறகு. இங்கே அதற்கு முன்பே ஏழரை மணி நேரம் கட்டடத்துக்குள் கழிந்திருந்தது. நிறுவனம் தனக்குரிய மூன்று மணி நேரத்துக்குள் பதில் சொன்னாலும் 8.30 ஆகிவிடும்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

டெஸ்குக்கு மட்டும் வகுப்பு என்ற யோசனை கைவிடப்பட்டது. கேஷுவாலிட்டி, வார்டு, ஓ.டி., பார்மசியும் பில்லிங்கும், டெஸ்க் என்று ஐந்து குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத் தாள், அரை மணி நேரம், மதியம் 2 மணி ஷிஃப்ட் மாறும்போது, அவரவர் வேலை செய்யும் இடத்திலேயே. ஹாலில் உட்காரவைத்து நடத்தினால் எப்போதும் பாதிப் பேர்தான் வருவார்கள். வராத பாதிதான் அன்றிரவு டியூட்டியில் இருக்கும். பாடப் பொருள், பெயர் மறைக்கப்பட்ட அதே மருத்துவமனையின் மறுக்கப்பட்ட கோப்புகள். கேஸ் ஷீட் ஆங்கிலத்தில் இருந்தாலும் பேச்சு முழுவதும் தமிழில்.

இரண்டாவது முடிவில் சமரசம் கிடையாது என்று தொடக்கத்திலேயே சொல்லப்பட்டது. பழைய தாளை மாற்றி எழுதக் கூடாது. தவறு இருந்தால் ஒற்றைக் கோடு, கையெழுத்து, தேதி, நேரம். அல்லது தனித் தாளில் தேதியிட்ட விளக்கம். கிளைம் பயிற்சி என்ற பெயரில் "எப்படி எழுதினால் பாஸாகும்" என்று கற்றுக்கொடுக்கும் வகுப்புகளும் நடக்கத்தான் செய்கின்றன. உள்நோயாளிக் கோப்பு முழுவதையும் கேட்டு வாங்கும் உரிமை காப்பீட்டு நிறுவனத்துக்கு உண்டு. ஒரே தாளுக்கு வேறுபட்ட இரண்டு பிரதி வெளியே வந்தால் அந்த ஒரு கிளைமோடு நிற்காது, நிறுவனத்தின் நெட்வொர்க் மருத்துவமனைப் பட்டியலிலிருந்தே பெயர் போகும்.

இந்த முடிவு பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதே சோதிக்கப்பட்டது. சர்க்கரை நோயாளி ஒருவரின் மகன், "பத்து வருஷமா இருக்குன்னு எழுதிட்டாங்க, அத மட்டும் எடுத்துடுங்க சார்" என்று கேட்டார். பாலிசி எடுத்து மூன்றாண்டு நிறையவில்லை. வரி எடுக்கப்படவில்லை. ஆனால் அந்தப் பத்து வருடம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்ததில், நோயாளி சொன்னது "ரொம்ப வருஷமா" என்று மட்டும்தான். எண்ணைப் போட்டது டியூட்டி டாக்டர். குடும்பம் முதல் பரிசோதனைச் சீட்டைத் தேடிக் கொண்டுவந்தது. அதன்படி நான்கு ஆண்டு. மருத்துவர் அந்தச் சீட்டின் நகலோடு தேதியிட்ட விளக்கம் எழுதினார். நோய் பாலிசிக்கு முந்தையது என்பது அப்போதும் மாறவில்லை. முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை இருக்கலாம் என்பதால் அந்தச் சேர்க்கைக்குக் காப்பு கிடைக்கவும் இல்லை. அதன் பிறகு, நோயின் கால அளவோடு அதைச் சொன்னது யார், ஆதாரச் சீட்டு உண்டா என்பதையும் எழுதும் வழக்கம் கேஷுவாலிட்டித் தாளில் சேர்ந்தது.

பயிற்சி நடந்த விதம்

கேஷுவாலிட்டிக்கு நான்கு கேள்வி: எப்போது, எங்கே, எப்படி, சொன்னது யார். காயம் என்றால் மது வாடை பற்றியும் ஒரு வரி. இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. வெறுமையாக விட்டால் நிச்சயம் குவெரி வரும். மரத்திலிருந்து விழுந்தது, குவாரியில் அடிபட்டது, வாகனம் மோதியது ஆகியவை வேறு வேறு வழியில் போகும் கோப்புகள். வேலையில் அடிபட்ட தொழிலாளியிடம் முதலில் கேட்க வேண்டியது இ.எஸ்.ஐ. எண் உண்டா என்று. இரவு அட்மிஷனில் பாலிசி அட்டை, ஆதார் இரண்டையும் கேஷுவாலிட்டி நர்ஸே படம் எடுத்து டெஸ்க் குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும். அவசர அட்மிஷனை 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்லும் பாலிசிகளே அதிகம். சனிக்கிழமை இரவு வந்தவருக்குத் திங்கள் காலையில் தகவல் கொடுத்துத்தான் பல கோப்புகள் கெட்டிருந்தன.

வார்டில்தான் நியாயமான எதிர்ப்பு வந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலை பார்க்க வேண்டும் என்றதும் மூத்த நர்ஸ் ஒருவர், "நைட்ல நான் ஒருத்திதான் சார், இருபது பேரு. எழுதச் சொல்றீங்க, எப்பப் பாக்கறது?" என்றார். அதற்கு வகுப்பில் பதில் இல்லை, ஏற்பாட்டில்தான் இருந்தது. காய்ச்சல் நோயாளிகளின் கட்டில்கள் ஒரே பகுதிக்கு நகர்த்தப்பட்டன. அந்தப் பகுதிக்கென்று இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர். சார்ட் நர்ஸ் மேசையிலிருந்து கட்டில் காலுக்கு வந்தது. பார்த்த இடத்திலேயே எழுத முடிந்தது. பார்க்கவில்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடலாம், 98.6 போடக் கூடாது என்றும் சொல்லப்பட்டது.

ஓ.டி.க்கு ஒரே ஒரு விதி. நோயாளியோடு வார்டுக்கு இறங்குவது அறுவைக்குப் பிந்தைய ஆர்டர் தாள் மட்டும். ஓ.டி. நோட்ஸ், மயக்க மருந்துப் பதிவு, இம்பிளான்ட் ஸ்டிக்கர் மூன்றும் சேர்ந்த பிறகே மீதிக் கோப்பு இறங்கும், அதுவரை ஓ.டி. சிஸ்டரிடம் இருக்கும். சேலம் வண்டியைப் பிடிக்க அவசரப்படும் நிபுணர் கையெழுத்திடாமல் கிளம்ப முடியாது. பயிற்சியில் கடினமான குழு மருத்துவர்கள்தான், வகுப்புக்கு வரமாட்டார்கள். கோப்பு நிற்கும் இடத்தில் அவர்களை நிறுத்தியது வகுப்பைவிடப் பலன் தந்தது.

பில்லிங் குழுவுக்கு ஆணையத்தின் விலக்குப் பட்டியல்கள் அச்சிட்டுத் தரப்பட்டன. முதல் பட்டியலில் உள்ள 68 பொருட்களுக்கான தொகையை நோயாளியிடம் முன்பே சொல்லி வாங்க வேண்டும். மற்ற மூன்றில் இருப்பவை அறை வாடகை, அறுவைக் கட்டணம், சிகிச்சைச் செலவு ஆகியவற்றில் அடங்கியவை. தனி வரியாகப் போடவே கூடாது. "அட்மிஷன் கிட்", "ஃபைல் சார்ஜ்" என்ற வரிகள் பில்லிலிருந்து போயின. முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சைக்கென்று நிர்ணயித்த பேக்கேஜ் தொகைக்கு மேல் நோயாளியிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பதும் திரும்பவும் சொல்லப்பட்டது.

டெஸ்குக்கு நேரம் அதிகம் ஒதுக்கப்பட்டது. நோய்ப் பெயருக்கான சர்வதேசக் குறியீட்டை, அதாவது ஐ.சி.டி. குறியீட்டைப் பட்டியலில் முதலில் கண்ணில் படுவதிலிருந்து எடுக்கும் வழக்கம் இருந்தது. குடல்வால் அழற்சி எல்லாவற்றுக்கும் கே37, அதாவது வகை குறிப்பிடப்படாதது என்று போட்டிருந்தார்கள். திடீர் அழற்சி கே35. திரும்பத் திரும்ப வருவது, நாள்பட்டது கே36. இரவு 11 மணிக்கு அவசர அறுவை செய்துவிட்டு கே36 போட்டால், "அவசரம் என்ன?" என்று கேட்பார்கள். மருத்துவர் இறுதி நோய்ப் பெயரை எழுதாதவரை குறியீடு போடக் கூடாது, கேள்விக்குறியோடு நிற்கும் "டெங்கு?" இறுதிப் பெயர் ஆகாது. குடலிறக்கம், கண்புரை போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பு உண்டு. பாலிசி தொடங்கிய தேதியைக் கோரிக்கை அனுப்பும் முன்பே பார்க்க வேண்டும். 60 மாதம் தொடர்ந்து நடந்த பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, தகவலை மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது என்ற விதியும் டெஸ்க் அறியாதது.

குவெரிக்குப் பதில் எழுதுவது தனிப் பாடமாக வைக்கப்பட்டது. கேள்விக்கு ஒரு பத்தி, அதற்கான கோப்புப் பக்க எண், சிகிச்சை செய்த மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும். மூன்று தவணையாக அனுப்பினால் மூன்று முறை வரிசையில் பின்னால் போய் நிற்க வேண்டும். "சார் ப்ளீஸ் அப்ரூவ்" என்று மட்டும் எழுதிய பதில்கள் பழைய மின்னஞ்சல்களில் ஏராளம்.

இவற்றோடு டெஸ்குக்குப் புதிய வேலை ஒன்றும் சேர்ந்தது. அட்மிஷன் ஆன 24 மணி நேரத்துக்குள் ஒருவர் வார்டுக்குப் போய்க் கோப்பைப் பார்க்க வேண்டும்: பெயரும் வயதும் பாலிசியோடு ஒத்துப்போகிறதா, ஏ.ஆர். காப்பியும் கேஸ் ஷீட்டும் ஒரே வரலாறு சொல்கின்றனவா, நோய் இடப்பக்கமா வலப்பக்கமா, அறைத் தகுதி என்ன, முதல் பரிசோதனைச் சீட்டு இருக்கிறதா. கோப்பு உயிரோடு இருக்கும்போதே பார்த்தால் மருத்துவரிடம் கேட்டுத் தெளிய முடியும்.

பின்னர் நடந்தவை

டிஸ்சார்ஜ் முந்தைய நாளே திட்டமிடப்பட்டது. மாலையில் பார்மசி ரிட்டர்ன், இரவு டியூட்டி டாக்டர் சம்மரி வரைவு, காலை ரவுண்ட்ஸிலேயே கையெழுத்து. அக்டோபர் வாக்கில், திட்டமிட்ட அறுவைகளுக்கான இறுதி பில் பெரும்பாலும் காலை 11-க்குள் போனது. நோயாளி மதியத்துக்கு மேல் கிளம்பினார். பொது மருத்துவப் பிரிவில் அந்த ஒழுங்கு வரவில்லை. அங்கே வீட்டுக்கு அனுப்பும் முடிவே அன்றைய காலை ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது.

குவெரிகள் நிற்கவில்லை, குணம் மாறின. "தாள் இல்லை" என்பவை குறைந்து, "இந்த ஆன்டிபயாடிக் ஏன்?" போன்ற, மருத்துவர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் மிஞ்சின. அவற்றுக்குத் தாமதமாகத்தான் பதில் போகிறது. "இன்சூரன்ஸ் கழிவு" நான்கு தலைப்பாகப் பிரிந்ததும் தணிக்கையாளர் டி.டி.எஸ். தொகையை வரவில் எடுத்தார்.

மொபெட் சறுக்கியவரின் கோப்பை மருத்துவமனையால் மீட்க முடியவில்லை. குறைதீர்ப்பாளரிடம் முறையிடும் உரிமை பாலிசிதாரருக்குத்தான் உண்டு, மருத்துவமனைக்கு இல்லை. சான்றிட்ட ஏ.ஆர். காப்பியும் மருத்துவரின் விளக்கமும் குடும்பத்துக்குத் தரப்பட்டன. அவர்கள் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும், பிறகு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் எழுதினார்கள். 2025 மார்ச்சில் அது நிலுவையில் இருந்தது.

நவம்பரில் நர்ஸ்கள் சிலர் அரசு வேலைக்கும் ஓசூருக்கும் போனார்கள். புதிதாக வந்தவர்களின் சார்ட்டில் மறுபடி 98.6 தலைகாட்டியது.

மாற்ற வேண்டியவை

தட்டச்சர் ஐந்து குழுவில் எதிலும் இல்லை. மூன்று கதைகளில் மிக ஆபத்தான கதை அவருடைய வார்ப்பிலிருந்துதான் வந்தது. அவர் கணினியில் இருந்த நிரப்பிய வார்ப்புகள் டிசம்பரில்தான் அழிக்கப்பட்டன; வரலாறு, இடமா வலமா என்ற பக்கம், நோய்ப் பெயர் மூன்றும் வெற்றிடமாக உள்ள வார்ப்பு வந்தது. இது முதல் வாரத்து வேலை.

ஒரு பக்கத் தாள்கள் வேலையில் சேரும் நாளின் உத்தரவோடு கொடுக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வகுப்பு என்பது இவ்வளவு ஆள் மாறும் இடத்தில் பயன்படாது. டிஸ்சார்ஜின் ஐந்து நேரங்களை எழுதும் பதிவேடு செப்டம்பரில்தான் தொடங்கியது. பயிற்சிக்கு ஒரு மாதம் முன்பே அதைத் திறந்திருந்தால் முன்னும் பின்னும் ஒப்பிட எண்கள் கையில் இருந்திருக்கும்.

தீராமல் நிற்பது பெங்களூர்ப் பாலிசிகளின் பெயர்ப் பொருத்தமின்மை. தந்தை பெயரின் முதலெழுத்து ஆதாரில் முன்னால், கம்பெனி பதிவில் விரித்து எழுதப்பட்டுப் பின்னால்; வயதில் இரண்டு மூன்று ஆண்டு வேறுபாடு. மகன் தன் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு வழியாகத் திருத்தினால் மட்டுமே சரியாகும். அதற்குச் சில நாள் பிடிக்கும், அட்மிஷன் ஆன பிறகு அந்த நாள் கிடைக்காது. திட்டமிட்ட அறுவைக்கு ஓ.பி.யிலேயே கேட்டுவிடலாம். "பிள்ளைகளின் கம்பெனி இன்சூரன்ஸ் உண்டா? அட்டையில் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா?" என்ற வரியை ஓ.பி. சீட்டின் அடியில், அச்சகத்துக்குப் போகும் அடுத்த கட்டிலிருந்து சேர்க்க நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.